சிறிய டிராக்டர் வாங்குமுன்: குதிரைத்திறனும் மணிக்கணக்கும்

ஔந்த் என்னும் பெயருக்கு இந்திய வேளாண் கருவிகளின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. புனே நகரின் ஔந்த் பகுதியை நாம் குறிப்பிடவில்லை; அதே பெயரில் தெற்கே இருந்த சமஸ்தானத்தைக் குறிப்பிடுகிறோம். அந்தச் சமஸ்தானத்து மன்னரின் ஆதரவுடன் 1910ஆம் ஆண்டில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் ஒரு தொழிற்சாலையை நிறுவி, இரும்புக் கலப்பைகளைச் செய்து விற்றார். இன்று சாங்லி மாவட்டத்தில் உள்ள கிர்லோஸ்கர்வாடி அவ்வாறு உருவான ஊரே. இரும்பு பட்டால் மண் கெட்டுவிடும் என்று அஞ்சிய உழவர்கள் தொடக்கத்தில் அக்கலப்பைகளை வாங்கத் தயங்கினர் என்று சொல்லப்படுகிறது.

இன்று இயந்திரத்தின் மீது அத்தகைய அச்சம் எவருக்கும் இல்லை. தயக்கமின்றி வாங்கிவிடுவதே இப்போதைய சிக்கலாக இருக்கிறது. ஔந்த், பாணேர், பாஷாண் பகுதிகளில் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்களில் சிலர் முல்ஷி, மாவள் வட்டங்களில் தோட்டம் வைத்திருக்கின்றனர். வேறு சிலருக்குத் திண்டுக்கல்லிலோ தென்காசியிலோ பூர்விக நிலம் இருக்கிறது. இவர்கள் வங்கியில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “புல்வெட்டும் கருவியும் லோடரும் பொருத்திய ஒரு சிறிய டிராக்டர் வாங்க வேண்டும், எந்த டிராக்டர் நல்லது, எவ்வளவு கடன் கிடைக்கும்?” இதற்கு விடை காண்பதற்குமுன் வேறொரு கேள்விக்கு விடை காண வேண்டும்: அந்த இயந்திரம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யும்? தேர்வு, விலை, கடன் ஆகிய மூன்றும் இந்த எண்ணிக்கையைச் சார்ந்தவை. அதை எவ்வாறு கணக்கிடுவது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சிறிய டிராக்டர் என்பது எது?

இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 11 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான டிராக்டர்கள் சிறிய வகை என்று வழங்கப்படுகின்றன. மகாராஷ்டிரத்தில் இவை பரவியதற்குத் திராட்சைத் தோட்டங்கள் ஒரு முக்கியக் காரணம். நாசிக், சாங்லி, நாராயண்காவ் வட்டாரங்களில் கொடி வரிசைகளுக்கு இடையே ஏறத்தாழ 9 அடி இடைவெளி விடுவது வழக்கம். பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழைந்து திரும்ப இயலாது. ஆகவே அகலம் குறைந்த, உயரம் குறைந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டர்கள் அங்கே தேவைப்பட்டன. மா, மாதுளை, கொய்யாத் தோட்டங்களுக்கும் இவையே பொருந்துகின்றன.

இவ்வகையில் இன்று பல நிறுவனங்களின் டிராக்டர்கள் உள்ளன. 11 குதிரைத்திறனில் ஸ்வராஜ் கோட், 18 முதல் 19 குதிரைத்திறன் அளவில் விஎஸ்டி 180டி, 21 குதிரைத்திறனில் குபோட்டா நியோஸ்டார் ஏ211என், மகிந்திரா ஓஜா 2121, 24 குதிரைத்திறனில் மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441, 28 குதிரைத்திறனில் ஜான் டியர் 3028இஎன் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். ஜான் டியர் நிறுவனத்தின் ஆலை புனேயை அடுத்த சணஸ்வாடியிலும், விஎஸ்டி நிறுவனத்தின் டிராக்டர் ஆலை தமிழ்நாட்டின் ஓசூரிலும் உள்ளன. எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. ஒரே வகைக்குள் 11 முதல் 30 வரை இவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைக் காட்டவே இவற்றைக் குறிப்பிட்டோம்.

புல்வெட்டும் கருவியே குதிரைத்திறனைத் தீர்மானிக்கிறது

விளம்பரத்தில் காணும் குதிரைத்திறன் எஞ்சினுடையது. பின்புறக் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு மட்டுமே வந்து சேரும். 24 குதிரைத்திறன் டிராக்டரின் பி.டி.ஓ. திறன் 20 அல்லது 21 என்று கொள்ளலாம். புல்லும் புதரும் கலந்து வளர்ந்த நிலத்தில் ஓடும் ஸ்லாஷர் வகைக் கருவிக்கு, வெட்டும் அகலத்தில் ஓர் அடிக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுக்கணக்கு. எனவே 4 அடி அகலக் கருவிக்கு 20 குதிரைத்திறன் பி.டி.ஓ. தேவை; 24 குதிரைத்திறன் டிராக்டர் அதற்குச் சரியாக இருக்கும். 15 குதிரைத்திறன் டிராக்டரில் அதே கருவியைப் பூட்டினால் ஒவ்வொரு புதரிலும் எஞ்சின் திணறும்.

புல்வெட்டும் கருவிகளிலும் வகைகள் உண்டு. தடித்த புல்லையும் சிறு செடிகளையும் அறுத்தெறிய ஸ்லாஷர் போதும், விலையும் குறைவு. வெட்டிய புல்லைப் பொடியாக்கி மரத்தடியில் மூடாக்காகப் பரப்ப வேண்டுமெனில், பல சிறு கத்திகள் கொண்ட பிளெயில் வகை ஏற்றது. அது விலை கூடியது, கத்திகளை மாற்றும் செலவும் உண்டு. புல்தரையைச் சீராக வெட்டும் கருவி விளையாட்டுத் திடலுக்கும் பூங்காவுக்கும் உரியது; கல் நிறைந்த தோட்டத்தில் அது நிலைக்காது. முல்ஷி போன்ற மழை மிகுந்த மலைப்பகுதியில் ஜூன் முதல் அக்டோபர் வரை புல் இடுப்பளவு உயர்ந்துவிடும். அங்கே ஸ்லாஷரே முதல் தேர்வாகும்.

இனி நேரக்கணக்கைப் பார்ப்போம். 4 அடி, அதாவது 1.2 மீட்டர் அகலக் கருவி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு மணி நேரத்தில் 4,800 சதுர மீட்டர் வெட்ட வேண்டும். திரும்புவதற்கும், வெட்டிய பாதையின் ஓரத்தைச் சேர்த்து வெட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 3,840 சதுர மீட்டர். ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆகவே 5 ஏக்கர் தோட்டத்தை ஆண்டுக்கு ஆறு முறை வெட்ட 30 மணி நேரம் போதும்.

லோடரின் எடையும் பாதுகாப்பும்

லோடர் பலரையும் கவர்கின்ற கருவி. எருவை அள்ளலாம், மண்ணை நிரவலாம், கல்லை அகற்றலாம். ஆயினும் சிறிய டிராக்டருக்கு ஓர் எல்லை உண்டு. ஈர மண் கன மீட்டருக்கு 1.6 டன் அல்லது அதற்கு மேலும் எடையுள்ளது. 0.2 கன மீட்டர் கொள்ளும் பக்கெட்டை ஈர மண்ணால் நிரப்பினால் 320 கிலோ சேரும். இந்த டிராக்டர்களில் பலவற்றின் எடையே ஒரு டன்னுக்கும் குறைவு. பக்கெட்டை உயர்த்திய நிலையில் சரிவில் திரும்பினால் வண்டி கவிழும் ஆபத்து மெய்யானது.

எனவே லோடரைப் பற்றி விற்பனையாளரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, அது தூக்கும் எடை எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பது. தரையை ஒட்டித் தூக்கும் எடைக்கும் முழு உயரத்தில் தூக்கும் எடைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டாவது, முன் அச்சு அந்தச் சுமையைத் தாங்குமா என்பது. மூன்றாவது, பின்புறத்தில் எவ்வளவு எதிர் எடை பொருத்த வேண்டும் என்பது. பின்னால் பூட்டிய ஸ்லாஷரே சில சமயம் எதிர் எடையாக உதவும். நான்காவது, முன்னும் பின்னும் மாறிமாறிச் செல்லும் வேலைக்கு ஏற்ற கியர் அமைப்பும் பவர் ஸ்டியரிங்கும் உள்ளனவா என்பது. ஐந்தாவது மிக முக்கியமானது: டிராக்டர் தயாரித்த நிறுவனம் அந்த லோடரை ஏற்றுக்கொள்கிறதா என்பது. வெளிப் பட்டறையில் செய்த லோடரைப் பொருத்தியபின் முன் அச்சு பழுதானால் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். ஒப்புதலை எழுத்தில் பெறுவது நன்று.

டிராக்டரின் திறனைச் சரிபார்க்க நம்பத்தக்க ஒரு வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை அளிக்கிறது. பி.டி.ஓ. திறன், எரிபொருள் செலவு, பின்புற ஹைட்ராலிக் தூக்குதிறன் ஆகியவை அவ்வறிக்கையில் அளவுகளாக இருக்கும். விற்பனையாளரிடம் அதைக் கேட்டுப் பெறலாம். பல நிறுவனங்களின் வண்டிகளை ஒரே இடத்தில் ஒப்பிட விரும்புவோர், ஆண்டுதோறும் டிசம்பரில் மோஷியில் நடைபெறும் கிசான் வேளாண் கண்காட்சிக்குச் சென்று வரலாம். ஔந்திலிருந்து அது தொலைவன்று.

விலைப்புள்ளியை எவ்வாறு படிப்பது?

டிராக்டர், புல்வெட்டும் கருவி, லோடர் ஆகிய மூன்றையும் ஒரே தொகையாகக் காட்டும் விலைப்புள்ளியை ஏற்க வேண்டாம். ஒவ்வொன்றின் அடிப்படை விலை, சரக்கு மற்றும் சேவை வரி, பதிவுச் செலவு, காப்பீடு, பொருத்தும் கூலி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் டிராக்டர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. வரிக்கு முந்தைய விலை 5,00,000 ரூபாய் எனில், முன்பு 60,000 ரூபாயாக இருந்த வரி இப்போது 25,000 ரூபாய். இந்த 35,000 ரூபாய்க் குறைவு உங்கள் விலைப்புள்ளியில் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய டிராக்டர் வாங்குவோரும் இதைக் கருத வேண்டும். புதிய வண்டியின் விலை குறைந்திருக்கும்போது பழையதற்கு முந்தைய விலையை ஒட்டிக் கொடுப்பது நட்டமாகும். லோடருக்கு எந்த வரி விகிதம் இடப்பட்டுள்ளது என்பதையும் தனியே கேட்டறியுங்கள்.

சொந்தமா, வாடகையா?

இனி முழுக்கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் விலைப்புள்ளியில் உள்ள தொகைகளை அவ்விடங்களில் இட்டுக் கணக்கிடலாம்.

24 குதிரைத்திறன் டிராக்டர்: 5,50,000 ரூபாய்
ஸ்லாஷர்: 75,000 ரூபாய்
லோடர்: 2,00,000 ரூபாய்
பதிவு, முதலாண்டுக் காப்பீடு, எதிர் எடை: 35,000 ரூபாய்
மொத்தம்: 8,60,000 ரூபாய்

பத்து ஆண்டுகளுக்குப் பின் 2,60,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று கொண்டால் தேய்மானம் 6,00,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000. அந்தப் பத்து ஆண்டுகளில் இயந்திரத்தில் முடங்கியிருக்கும் சராசரித் தொகை 5,60,000 ரூபாய். அதற்கு 10 விழுக்காடு வட்டி 56,000. தொடர் காப்பீட்டுக்கும் கொட்டகைக்கும் 14,000. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் செலவாகிறது. ஓடும்போது மணிக்கு 3 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய் எனில் 270 ரூபாய். எண்ணெய், பழுது 80. ஓட்டுநர் கூலி 150. மொத்தம் 500 ரூபாய்.

நாம் எடுத்துக்கொண்ட 5 ஏக்கர் தோட்டத்தின் வேலைகளை இனிப் பட்டியலிடுவோம். புல்வெட்ட 30 மணி. ஏக்கருக்கு 8 டன் வீதம் 40 டன் எருவை லோடரால் அள்ளிப் பரப்ப 10 மணி. மருந்து தெளிக்க 40 மணி. உழவுக்கும் டிரெய்லர் ஓட்டத்திற்கும் 20 மணி. மொத்தம் 100 மணி. நிலையான செலவு மணிக்கு 1,300 ரூபாயும் ஓடும் செலவு 500 ரூபாயும் சேர்ந்து ஒரு மணி நேர வேலைக்கு 1,800 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊரில் வாடகை மணிக்கு 1,000 ரூபாய் எனில், சொந்த வண்டியால் ஆண்டுக்கு 80,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். வாடகையும் சொந்தச் செலவும் சமமாவது 260 மணி நேரத்தில். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணியும் ஆதாயம்; 500 மணி ஓடினால் செலவு மணிக்கு 760 ரூபாயாகக் குறைந்துவிடும்.

லோடரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். 2,00,000 ரூபாய் லோடரைப் பத்து ஆண்டுக்குப் பின் 60,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று கொண்டால், தேய்மானம் 14,000, வட்டி 13,000, ஆக ஆண்டுக்கு 27,000 ரூபாய். பத்து மணி நேர வேலைக்கு இது மணிக்கு 2,700 ரூபாய்! அந்த 40 டன் எருவை வாடகை ஜேசிபி சில மணி நேரத்தில் அள்ளி முடித்துவிடும். ஆனால் பத்துப் பதினைந்து மாடுகள் உள்ள பண்ணையில் நாள்தோறும் அரை மணி நேரம் சாணம் அள்ள லோடர் பயன்பட்டால், ஆண்டுக்கு 180 மணிக்கு மேல் ஆகிறது. செலவு மணிக்கு 150 ரூபாய்தான். ஒரே லோடர் ஒரு தோட்டத்தில் வீண்செலவாகவும் மற்றொரு பண்ணையில் சிறந்த முதலீடாகவும் அமைவது இவ்வாறே.

கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. மருந்து தெளிக்க வேண்டிய வாரத்தில் வாடகை வண்டி கிடைக்காமல் போனால் ஒரு பருவத்து மாம்பூவே உதிர்ந்துவிடலாம். அத்தகைய இடர் மெய்யாகவே இருக்குமானால் அதற்கும் ஒரு தொகையை இட்டுக்கொள்ள வேண்டும். இருப்பினும், முதலில் டிராக்டரையும் ஸ்லாஷரையும் மட்டும் வாங்கி, லோடர் பொருத்துவதற்குரிய வசதி உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுத்தால், நிலையான செலவு ஆண்டுக்கு 1,03,000 ரூபாயாகக் குறையும். சமநிலை 206 மணியில் எட்டும். அண்டைத் தோட்டக்காரர் இருவருக்கு உழவு வேலை செய்து கொடுத்தால் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிதன்று.

கடனும் ஆவணங்களும்

மேற்கண்ட 8,60,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்காகிய 2,15,000 ரூபாயை வாடிக்கையாளர் செலுத்தி, 6,45,000 ரூபாயைக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 10 விழுக்காடு, தவணைக் காலம் 7 ஆண்டு, அரையாண்டுத் தவணை எனில் ஒரு தவணை ஏறத்தாழ 65,160 ரூபாய். பதினான்கு தவணைகளில் செலுத்தும் மொத்தம் 9,12,240 ரூபாய். அதில் வட்டி 2,67,240 ரூபாய். வட்டி விகிதம், பங்குத் தொகை, குறைந்தபட்ச நிலப்பரப்பு ஆகியவை வங்கிக்கு வங்கி வேறுபடும். வேளாண் கடனின் தவணைகளை அறுவடைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். மா உள்ளவர்களுக்கு மே, ஜூன் மாதங்களும், நெல் உள்ளவர்களுக்கு அறுவடையை அடுத்த டிசம்பரும் பொருந்தும்.

இங்கே நகரவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. தோட்டம் தரும் வருவாயில் தவணை கட்ட இயலாமல், மாதச் சம்பளத்திலிருந்து கட்டும் நிலை ஏற்பட்டால், வீட்டுக் கடன் தவணைக்கும் நெருக்கடி நேரும். டிராக்டர் தவணை தவறினாலும் கடன் மதிப்பெண் குறையும். பின்னர் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது தடையாகலாம்.

வேளாண் கடனுக்கு நிலம் உங்கள் பெயரில் உள்ள விளைநிலமாக இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 7/12, 8-அ ஆகிய ஆவணங்களும், தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கலும் தேவை. மகாராஷ்டிரத்தில் 1948ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் வேளாண் நிலச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் உரிய அதிகாரியின் அனுமதியின்றி வேளாண் நிலம் வாங்க இயலாது. எனவே நிலமே இன்னும் உறுதியாகாத நிலையில் டிராக்டருக்கு முன்பணம் கொடுப்பது கூடாது. குடியிருப்புச் சங்கத்தின் தோட்டத்தைப் பராமரிக்க டிராக்டர் வாங்குவது வேளாண் கடனின் கீழ் வராது. அதற்கு வேறு கடன் திட்டம் பொருந்தும்.

மானியத்தைப் பொறுத்தவரை, 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றன. மகாராஷ்டிரத்தில் மகாடிபிடி இணையதளம் வழியாகவும், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகவும் விண்ணப்பிக்கலாம். முன் அனுமதி கிடைப்பதற்குமுன் வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது. மானியம் பின்னரே கணக்கில் சேரும் என்பதால், அதை நம்பிப் பங்குத் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி வந்தபின் பதிவுச் சான்றில் வங்கியின் அடமானக் குறிப்பு இடம்பெறும். கடன் முடிந்ததும் வங்கியின் ஒப்புதலுடன் படிவம் 35 அளித்து அதை நீக்கிக்கொள்ள வேண்டும். பலர் இதை மறந்து, விற்கும்போது அலைகின்றனர். வேளாண் டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து அல்லாத வாகனம். அதில் டிரெய்லர் பூட்டி மணலோ செங்கல்லோ வாடகைக்கு ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

கிளைக்கு வருமுன்

ஓராண்டு வேலைகளை மாதவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வாடகை விகிதத்தைக் கேட்டறியுங்கள். குறைந்தது இரண்டு விற்பனையாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டிய விலைப்புள்ளி பெறுங்கள். லோடருக்கான உத்தரவாத ஒப்புதலை எழுத்தில் கேளுங்கள். தோட்டத்திற்கு அருகில் பழுதுபார்க்கும் நிலையமும் உதிரிப்பாகமும் உள்ளனவா என்று பாருங்கள். இவற்றுடன் நில ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு வந்தால், கடன் அலுவலர் உங்களுடன் அமர்ந்து இந்தக் கணக்கை உங்கள் தொகைகளைக் கொண்டே போட்டுத் தருவார். 260 மணி நேரத்தை எட்டாத தோட்டத்திற்கு வாடகை வண்டியே போதும் என்று அவர் சொன்னால், அதையும் நல்ல அறிவுரையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.